கெல்டிக் நகைகள்: முடிச்சுக்கும் மோதிரத்துக்கும் என்ன அர்த்தம்?

ஒரு இதயம். அதை இரண்டு பக்கமும் இரண்டு கைகள் ஏந்தியிருக்கின்றன, இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். அயர்லாந்துக்காரர்கள் விரலில் அடிக்கடி தென்படும் இந்த மோதிரத்துக்குக் கிளாடா மோதிரம் என்று பெயர். கைகள் நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம் என்று மூன்றுக்கும் பொருள் சொல்வார்கள். இதைவிட சுவாரசியம் அதைப் போட்டுக்கொள்ளும் முறையில் இருக்கிறது. வலது கையில், இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்தபடி இருந்தால் அவருக்கு இன்னும் துணை யாரும் அமையவில்லை. அதே கையில் முனை மணிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் மனதில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். மோதிரம் இடது கைக்கு மாறி, முனை வெளியே பார்த்தால் நிச்சயம் ஆகிவிட்டது, உள்ளே பார்த்தால் கல்யாணமே முடிந்துவிட்டது. ஒரே மோதிரம், கையை மாற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டே ஒருவர் வாழ்க்கையின் பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

கெல்டிக் நகைகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் இந்த மோதிரத்தைத்தான் காட்டுவேன். இதன் அர்த்தம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அம்மாவைக் கேட்டாலும் சொல்வார், பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். மற்ற நகைகள் விஷயம் அப்படி இல்லை. இணையக் கடைகளில் ஒரு முடிச்சு டாலருக்குக் கீழே ‘5000 ஆண்டுப் பழமையான கெல்டிக் சின்னம், முடிவில்லாத காதலின் அடையாளம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அந்த நகைகள் மேல் உள்ள பிரியத்தால்தான் உறுத்துகிறது. எந்த அர்த்தம் பழையது, எது பின்னால் வந்தது, எது யாருக்குமே தெரியாதது என்று பிரித்துப் பார்த்தால் அவற்றின் அழகு கூடத்தான் செய்கிறது.

கிளாடாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிளாடா என்பது ஒரு ஊர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரத்தின் பழைய மதிலுக்கு வெளியே, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த மீனவர் குடியிருப்பு. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குக் கல் நிறைந்த கரை என்று பொருள். கூரை வேய்ந்த அந்தப் பழைய வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டு, இப்போது அந்த இடத்தில் வேறு வீடுகள் இருக்கின்றன. மோதிரம் பிறந்த கதையாக ஊரார் சொல்வது இதுதான்: ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வேக்காரர் 1675 வாக்கில் கப்பலில் போகும்போது அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அடிமையாக ஒரு பொற்கொல்லரிடம் விற்கப்பட்டார். அங்கேயே தொழில் கற்றுக்கொண்டார். 1689இல் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னரின் ஏற்பாட்டில் விடுதலை கிடைத்ததும் ஊர் திரும்பிப் பட்டறை போட்டு, இந்த மோதிரத்தைச் செய்தார். அந்தக் காலத்துக் கால்வே மோதிரங்கள் சிலவற்றின் உட்புறத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருப்பது உண்மை. ஆனால் இரண்டு கைகள் சேர்ந்த மோதிரம் ரோமானியர் காலத்திலிருந்தே ஐரோப்பா முழுக்க உறுதிமொழிக்கு அடையாளமாகப் புழங்கிய ஒன்று. கால்வேக்காரர்கள் அதில் இதயத்தையும் கிரீடத்தையும் சேர்த்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்று சொல்வதுதான் சரி. ‘கிளாடா மோதிரம்’ என்ற பெயரே 1830க்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது.

1840களில் அந்தப் பக்கம் போன பயணிகள் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். மீனவக் குடும்பங்களில் கல்யாண மோதிரம் தாயிடமிருந்து முதலில் கல்யாணமாகும் மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்கு. கனமான தங்கம். அந்த வீட்டில் விலை போகும் பொருள் என்று வேறு எதுவும் பெரிதாக இருந்திருக்காது. எந்தக் கையில், எந்தப் பக்கம் என்ற இன்றைய விதிகளைவிட இந்தப் பழக்கம்தான் எனக்கு மோதிரத்தின் மூல அர்த்தமாகப் படுகிறது. இன்னொன்றும் உண்டு, டப்ளினில் கிரீடம் இல்லாமலும் இதைச் செய்தார்கள். ‘ஃபீனியன்’ கிளாடா என்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்களின் பெயர் அது, கிரீடம் அவர்களுக்கு வேறொருவரின் மகுடமாகத் தெரிந்தது.

சரி, கெல்ட் என்றால் யார்? ஒரே அரசு, ஒரே நாடு என்று எதுவும் இருந்ததில்லை. உறவுள்ள மொழிகள் பேசிய பல இனக்குழுக்களுக்குப் பொதுவாக வைத்த பெயர் அது. இன்றைய ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகிய ஆறும் அந்தக் குடும்பத்து மொழிகள். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய பிரான்சில் இருந்த காலியர் என்ற மக்களும் இதில் சேர்த்தி. அவர்களுடைய உலோகக் கலைக்கு அடையாளமான சுழியும் வளைவும் நிறைந்த பாணியை, சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டல் ஏரிக்கரையில் பொருள்கள் கிடைத்த இடத்தின் பெயரால் லா டென் பாணி என்கிறார்கள். கி.மு. 450 வாக்கில் தொடங்கியது. அர்த்தம் தேடுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். அவர்களுடைய துரூயிடுகள், அதாவது பூசாரிகளும் அறிஞர்களுமானவர்கள், தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பதைத் தவறென்று கருதினார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். சிலர் 20 ஆண்டுகள் வரை வாய்மொழியாகவே படித்தார்களாம். அவ்வளவும் அவர்களோடு போய்விட்டது. இந்தச் சுழிக்கு இதுதான் பொருள் என்று செய்தவர் கையால் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. மிச்சம் இருப்பது நகைகள், அவற்றைப் பார்த்த கிரேக்கர்களும் ரோமானியர்களும் எழுதியவை, அப்புறம் நெடுங்காலம் கழித்து அயர்லாந்தில் துறவிகள் எழுதி வைத்த சட்டங்களும் கதைகளும்.

அப்படி மிச்சமிருப்பதில் முதன்மையானது டோர்க். கழுத்தில் போடும் கெட்டியான வளையம், முன்பக்கம் இரண்டு முனைகளும் சேராமல் இடைவெளி விட்டு நிற்கும். லத்தீனில் முறுக்குவது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். நிறைய டோர்க்குகள் உண்மையிலேயே முறுக்கிய கம்பிகள்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஸ்னெட்டிஷம் என்ற இடத்தில் 1950இல் கிடைத்த பெரிய டோர்க் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எட்டு எட்டாகக் கம்பிகளை முறுக்கி ஒரு சரடு, அப்படி எட்டுச் சரடுகளை ஒன்றாக முறுக்கி ஒரு வடம், ஆக மொத்தம் 64 கம்பிகள். தங்கத்தோடு வெள்ளியும் கொஞ்சம் செம்பும் கலந்த கம்பி. இரண்டு முனைகளிலும் உள்ளே கூடாக வார்த்த தடித்த வளையங்கள், அவற்றின் மேல் லா டென் வளைவுகள். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். செய்து ஏறத்தாழ 2,100 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிலோ உலோகத்தைக் கழுத்தில் சுமந்துகொண்டு வயலில் யாரும் வேலை செய்ய முடியாது, அதைப் போட்டிருப்பவர் யார் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ரோமில் காபிட்டோலின் மியூசியத்தில் ‘சாகும் காலியன்’ என்ற பளிங்குச் சிலை இருக்கிறது. அடிபட்டுக் கீழே சாய்ந்த வீரன், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, கழுத்தில் டோர்க் மட்டும். சிற்பிக்கு அவனைக் கெல்ட் என்று காட்ட மீசையும் முடியும் அந்த ஒரு நகையும் போதுமாக இருந்தன. கி.மு. 361இல் காலிய வீரன் ஒருவனை ஒண்டிக்கு ஒண்டி சண்டையில் கொன்று, அவன் கழுத்து டோர்க்கை எடுத்துத் தான் போட்டுக்கொண்ட ரோமானியனுக்கு டார்குவாட்டஸ் என்றே பட்டப்பெயர் வந்து, அது அவன் வம்சத்துக்கே நிலைத்துவிட்டது என்று ரோமானிய வரலாறு சொல்கிறது. ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டன் அரசி பூடிக்காவும் கழுத்தில் பெரிய தங்க நகை அணிந்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். மனிதர்கள் மட்டுமில்லை, டென்மார்க்கில் 1891இல் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளி அண்டாவில் மான் கொம்பு முளைத்த ஒரு உருவம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது, கழுத்தில் ஒரு டோர்க், கையில் இன்னொன்று. தெய்வமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆக டோர்க் என்றால் அந்தஸ்து, வீரம், தெய்வத்தன்மை. இதை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் தயங்காமல் நம்பலாம்.

ஒரு நகையின் அர்த்தம் என்ன என்று நீதிமன்றமே விசாரித்த கதை ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1896இல் அயர்லாந்தின் வடக்கே லிமவாடி ஊருக்குப் பக்கத்தில், பிராய்ட்டர் என்ற இடத்தில் வயலை உழுதுகொண்டிருந்தவர்களுக்குத் தங்கம் கிடைத்தது. பிரமாதமான ஒரு டோர்க், சங்கிலிகள், கூடவே தங்கத் தகட்டில் செய்த ஒரு குட்டிப் படகு. துடுப்புகள், உட்காரும் பலகைகள், பாய்மரம் எல்லாம் உள்ள படகு. ஏர்க்கொழு பட்டு நசுங்கிக் கிடந்ததால் முதலில் அது படகு என்றே தெரியவில்லை. கைமாறிக் கைமாறி, கடைசியில் பிரிட்டிஷ் மியூசியம் 600 பவுண்டுக்கு வாங்கியது. அயர்லாந்தில் கொதித்துப் போனார்கள், வழக்கு லண்டனுக்குப் போனது. அந்தக் காலச் சட்டப்படி, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்த தங்கம் என்றால் அரசுக்குச் சொந்தம், அதன் வழியாக அயர்லாந்துக்குப் போகும். கடலுக்குக் காணிக்கையாக விட்டது என்றால் திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லை, எனவே வாங்கியவருக்கே. வயல் இருக்கும் இடம் அந்தக் காலத்தில் கடலாக இருந்தது, இது ஐரிஷ் கடல் தெய்வமான மனனான் மக் லீருக்குச் செலுத்திய காணிக்கை என்று பிரிட்டிஷ் மியூசியம் தரப்பு வாதிட்டது. 1903இல் நீதிபதி அதை ஏற்கவில்லை, நகைகள் டப்ளின் போய்ச் சேர்ந்தன, இன்றும் அங்கே அயர்லாந்து தேசிய மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் டோர்க்கோடு ஒரு குட்டிப் படகையும் சேர்த்து வைத்த மனம் தெய்வத்தை நினைத்திருக்காது என்று என்னால் எண்ண முடியவில்லை. வழக்கில் தோற்ற வாதம்தான் அந்த நகைகளுக்குப் பொருத்தமான விளக்கம் என்று நினைப்பவர்கள் ஆராய்ச்சியாளர்களிலும் இருக்கிறார்கள்.

அடுத்து புரோச். மேலாடையைத் தோளிலோ மார்பிலோ குத்திப் பிடிக்கும் ஊசி வளையம். பட்டன் இல்லாத காலத்தில் இது இல்லாமல் கம்பளிப் போர்வை உடம்பில் நிற்காது. சாதாரண வகையில் வளையத்தில் ஒரு இடத்தில் சின்ன வெட்டு இருக்கும். ஊசியைத் துணியில் ஒரு இடத்தில் ஏற்றி இன்னொரு இடத்தில் வெளியே எடுத்து, அந்த வெட்டு வழியாக வளையத்தைத் தாண்டவிட்டு, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பூட்டிக்கொள்ளும். பழைய ஐரிஷ் சட்டத்தில் இதற்கு அந்தஸ்து விதியே இருந்தது. பெரிய அரசர்களின் பிள்ளைகளை வேறு வீட்டில் வளர்க்க விடும்போது படிகம் பதித்த தங்கப் புரோச், சிற்றரசர்களின் பிள்ளைகளுக்கு வெள்ளி போதும். ஊசி முனை அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்து யாரையாவது குத்திவிட்டால் யார் பொறுப்பு என்பதைக்கூட அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

இதில் உச்சம் டாரா புரோச். கி.பி. 700ஐ ஒட்டிச் செய்தது. 1850இல் மீத் கவுண்டியில் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் கிடைத்தது. வளையத்தின் குறுக்களவு 8.7 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் முலாம் பூசிய வெள்ளி, மயிரிழைத் தங்கக் கம்பி வேலை, அம்பர், வண்ணக் கண்ணாடி, வளையத்தின் விளிம்பில் ஊர்ந்து போகும் மிருகத் தலைகள் என்று இடம் விடாமல் வேலை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் வேலைப்பாடு, அதுவும் பழைய லா டென் சுழிகள். போட்டுக்கொண்டால் துணியில் பதிந்து கிடக்கும் பக்கம் அது, யார் கண்ணிலும் படாது. அணிகிறவருக்கு மட்டும் தெரிந்த அழகு. இந்த வளையத்தில் அந்த வெட்டு கிடையாது, மூடிய வளையம், அதனால் திருப்பிப் பூட்டவும் முடியாது. வேலைப்பாட்டுக்காகப் பயன்பாட்டையே கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பின்னிய வெள்ளிக் கம்பிச் சங்கிலி தொங்குகிறது, அதை மாட்டும் இடத்தில் கண்ணாடியில் வார்த்த இரண்டு குட்டி மனித முகங்கள்.

கம்பிப் பின்னல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஐரிஷ், வைக்கிங் பொருள்களில் இருக்கும் ஒரு வகைப் பின்னிய கம்பி வேலைக்கு அகழாய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிரிச்சினாப்பொலி’. ஆமாம், நம் திருச்சிராப்பள்ளியேதான். விக்டோரியா காலத்து லண்டனில் திருச்சித் தங்கச் சங்கிலிகளுக்கு அவ்வளவு பெயர் இருந்ததால், தரையிலிருந்து கிடைத்த பழைய பின்னல்களுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அயர்லாந்தில் 1980இல் கிடைத்த டெரினாஃப்லான் வெள்ளித் தட்டின் விளிம்பைச் சுற்றி இந்தப் பின்னல் ஓடுகிறது. தொழில் நுணுக்கம் இங்கிருந்து அங்கே போனது என்று இதற்கு அர்த்தமில்லை, பெயர் மட்டும் போயிருக்கிறது. இருந்தாலும் ஒரு ஐரிஷ் மடாலயப் புதையலின் விவரக் குறிப்பில் திருச்சியைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

டாரா என்ற பெயரும் ஒட்ட வைத்ததுதான். டாரா என்பது ஐரிஷ் பேரரசர்களின் பழைய இருக்கையான குன்று, புரோச்சுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை வாங்கிய டப்ளின் நகைக்கடைக்காரர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், நகலெடுத்து விற்பதற்காக வைத்த பெயர். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அது இடம்பெற்றது, நகல்கள் நன்றாக விற்றன. இன்று கெல்டிக் நகை என்று நாம் காண்பதில் பெரும்பங்கு இந்த 19ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சியின் பிள்ளை. பஞ்சத்தில் பாதி செத்துக் கப்பலேறிக்கொண்டிருந்த ஒரு நாடு, எங்களுக்கும் ஒரு பொற்காலம் இருந்தது என்று நெஞ்சில் குத்திக்கொண்ட ஊசி அது. பெயர் வியாபாரத்துக்காக வந்திருக்கலாம், அதைக் குத்திக்கொண்டவர்களின் உணர்வு வியாபாரம் கிடையாது.

இனி முடிச்சு. தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் பின்னல், எல்லோருக்கும் கெல்டிக் என்றதும் நினைவுக்கு வருவது. பழைய லா டென் நகைகளில் இது கிடையவே கிடையாது. 7ஆம் நூற்றாண்டில், அயர்லாந்தும் பிரிட்டனும் கிறிஸ்தவமான பிறகு, டரோ நூல் போன்ற கையெழுத்துப் பிரதிகளில் வருகிறது. ரோமானியத் தரைச் சித்திரங்கள், எகிப்துக் கிறிஸ்தவர்களின் காப்டிக் கலை, ஜெர்மானியர்களின் மிருகப் பின்னல் எல்லாம் அங்கே வந்து கலந்திருக்கின்றன. லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷப் பிரதியில் தாள்களின் பின்பக்கம் துறவிகள் அளந்து குத்திய புள்ளிகளும் கோடுகளும் இன்னும் தெரிகின்றன. முதலில் புள்ளி, பிறகு புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடு. சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டையும் ஒரே கணக்காக வைத்துப் படிக்கும் கணிதக்காரர்களும் இருக்கிறார்கள். முடிவில்லாத காதல், நித்தியம் என்பதெல்லாம் பிற்காலத்தில் நாம் ஏற்றியது, அந்தத் துறவிகள் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கோட்டின் போக்கைப் பார்க்கும் யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான், அதனால் கல்யாண மோதிரத்தில் அது இருப்பதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ‘5000 ஆண்டு’ என்பதைத்தான் எடுத்துவிட வேண்டும்.

அந்த 5000 எங்கிருந்து வந்தது என்றால், அயர்லாந்தில் இருக்கும் நியூகிரேஞ்சிலிருந்து. கி.மு. 3200 வாக்கில் கட்டிய அந்தக் கல்லறை மேட்டின் உள்ளறையில் மூன்று சுழிகள் சேர்ந்த ஒரு செதுக்கல் இருக்கிறது. இன்று ‘கெல்டிக் முச்சுழி’ என்று டாலராக விற்பது அதைத்தான். லா டென் பாணி தொடங்குவதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் முந்தையது, செதுக்கியவர்கள் யாரென்றே பெயர் கிடையாது. ஆனால் மூன்று என்ற எண் கெல்ட்களுக்கும் முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. லா டென் நகைகளில் மூன்று கை உள்ள சுழல்கள் உண்டு, அயர்லாந்தின் காவன் கவுண்டியில் கிடைத்த கார்லெக் கல் தலையில் மூன்று முகங்கள். கி.பி. 900ஐ ஒட்டித் தொகுத்த ஒரு ஐரிஷ் சொற்பொருள் நூல் பிரிஜிட் தெய்வத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்தப் பெயரில் மூன்று சகோதரிகள் என்கிறது: ஒருத்தி கவிதைக்கு, ஒருத்தி வைத்தியத்துக்கு, மூன்றாமவள் உலோகம் அடிக்கும் கொல்லர் தொழிலுக்கு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் இன்று முச்சுழி டாலர் போட்டிருந்தால் தத்துவமெல்லாம் வேண்டாம், ‘நான் பிரெட்டன்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் இதய வடிவ லக்கன்பூத் புரோச் உண்டு. எடின்பரோவில் பூட்டிவைக்கும் சின்னக் கடைகளில் விற்றதால் வந்த பெயர். காதலிக்குக் கொடுப்பார்கள், பிறகு குழந்தை பிறந்ததும் கண்ணேறு படாமலிருக்க அதன் சால்வையில் குத்திவிடுவார்கள்.

ஸ்காட்லாந்திலேயே இன்னொரு புரோச் இருக்கிறது, ஹண்டர்ஸ்டன் புரோச். டாரா புரோச்சின் உடன்பிறப்பு மாதிரி, அதே 700 வாக்கில் செய்தது, இப்போது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய மியூசியத்தில் இருக்கிறது. செய்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 10ஆம் நூற்றாண்டில் யாரோ அதன் பின்பக்கத்தில் வைக்கிங்குகளின் ரூன் எழுத்துகளைக் கீறியிருக்கிறார்கள். சுழிக்கும் மிருகத்துக்கும் விளக்கம் கிடைக்குமா என்று ஆவலோடு படித்தால், இருப்பது ஒரே செய்தி: இந்தப் புரோச் மேல்பிரிக்தாவுடையது. எழுத்து வைக்கிங்குகளுடையது, பெயர் கேலிக். பிரிஜிட்டின் அடியார் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.